தேய்த்தே தேய்ந்த குழல்கள்

ரைபிள் குழலை எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு காலம் அது உழைக்கும் என்பது துப்பாக்கி வைத்திருப்போரிடம் தலைமுறைகளாக ஊறிப்போன நம்பிக்கை. சுட்டு முடித்ததும் வெண்கலப் பிரஷ்ஷைக் கம்பியில் மாட்டி, கை வலிக்கும்வரை முன்னும் பின்னும் இழுத்து, உள்ளே விட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை ஓயாதவரே பொறுப்பான ஆள் என்று பெயரெடுக்கிறார். ரொறன்ரோவிலிருந்து வடக்கே கவார்த்தா, ஹாலிபர்ட்டன் பக்கம் மான் வேட்டைக்குப் போகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரியில் என்.சி.சி. சீருடையோடு .22 ரைபிளைத் துடைத்தவர்களும் இதைத்தான் சொல்வார்கள். இந்தப் பாடம் தவறு. பல நல்ல குழல்கள் சுட்டதால் கெடவில்லை. அக்கறையோடு தேய்த்த கைகளால் கெட்டன. இன்னும் பல, தேய்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் உள்ளே விட்டுவைத்த உப்பால் துருப்பிடித்தன.

குழலின் உட்புறம் எவ்வளவு நுட்பமானது என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒன்ராறியோ வேட்டைக்காரர்களிடம் பரவலாக உள்ள .308 ரைபிளை எடுத்துக்கொள்ளலாம். அதன் உட்துளை 7.62 மில்லிமீட்டர். உட்சுவரில் சுருளாக வெட்டிய திருகுவரிப் பள்ளங்களுக்கு இடையிலான விட்டம் 7.82 மில்லிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு பள்ளத்தின் ஆழமும் 0.1 மில்லிமீட்டர்தான். குண்டைப் பிடித்துச் சுழற்றி நேராக அனுப்பும் வேலை முழுவதும் இந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மேட்டின் விளிம்புகளை நம்பியிருக்கிறது. அந்த மேடுகளிலும் எல்லா இடமும் சம முக்கியத்துவம் உடையது அல்ல. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டு வெளியேறும் குழல்வாயே துல்லியத்தின் உயிர்நிலை. அங்கே வட்டம் ஒரு பக்கம் சிறிது தேய்ந்தாலும், குண்டின் அடிப்பாகம் வெளிவரும் கணத்தில் பின்னாலிருந்து தள்ளும் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு பீறிடும். குண்டு சாய்ந்துவிடும். தோட்டா அறை இருக்கும் பக்கத்தில் அரை அடி நீளத்துக்குக் கீறல் இருந்தும் ஒழுங்காகச் சுடும் ரைபிள்கள் உண்டு. வாய் தேய்ந்துவிட்டு ஒழுங்காகச் சுடும் ரைபிள் அரிது.

இதை நன்றாகவே அறிந்திருந்த ஓர் இடம் ரொறன்ரோவின் மேற்கு எல்லையில், எட்டோபிக்கோ ஓடைக்கு அப்பால் இருந்தது. 1940-இல் கனடிய அரசு ஸ்மால் ஆர்ம்ஸ் லிமிட்டெட் என்ற நிறுவனத்தை லோங் பிராஞ்சில் தொடங்கியது. 1941 முதல் அங்கே லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைபிள்கள் உருவாகின. போர் முடியும்வரை சுமார் 9 லட்சம் ரைபிள்கள் வெளிவந்தன. தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். ரைபிள்களைப் பரிசோதித்த கட்டடம் இன்றும் மிசிசாகாவில் லேக்‌ஷோர் சாலையோரம் நிற்கிறது. இப்போது கலைக்கூடமாகப் பயன்படுகிறது. அந்த ரைபிளின் குழல் 25.2 அங்குல நீளம் உடையது. வழக்கமாக ஐந்து பள்ளங்கள், 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, இடப்பக்கமாகத் திரும்பும். போர் அவசரத்தில் இரண்டே பள்ளங்கள் உள்ள குழல்களும் செய்யப்பட்டன. அவையும் நன்றாகவே சுட்டன. ரொறன்ரோ வட்டாரத்தில் பழைய ரைபிள் சேகரிப்போரிடம் இந்த லோங் பிராஞ்ச் துப்பாக்கிகள் இன்றும் நிறைய உண்டு. அவற்றில் எது எப்படிக் கெட்டது என்று பார்த்தாலே தேய்ப்பு நம்பிக்கையின் பலன் தெரியும்.

லீ-என்ஃபீல்டின் பின்கட்டையில் ஒரு சிறு பித்தளை மூடி. அதைத் திறந்தால் எண்ணெய்க் குப்பியும் புல்த்ரூவும் இருக்கும். புல்த்ரூ என்பது ஒரு முனையில் பித்தளை எடையும் மறுமுனையில் துணி செருகக் கண்ணிகளும் உள்ள கயிறு. எடையை அறைப்பக்கமாகக் குழலுக்குள் விட்டு, வாய்ப்பக்கம் வெளிவந்ததும் பிடித்து, ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். என்.சி.சி. பாசறையில் இதே கயிற்றையும், சுத்தம் செய்ய 4 அங்குலத்துக்கு 2 அங்குலம், எண்ணெய் பூச அதைவிடச் சற்று ஒடுக்கம் என்று வெட்டி வைத்த ‘சிந்தி’த் துணிகளையும் கையாண்டவர்கள் ஏராளம். கருவி நல்ல கருவிதான். இழுக்கும் கைதான் கெடுத்தது. களைத்த சிப்பாய் ரைபிளைத் தரையில் ஊன்றிக்கொண்டு கயிற்றைத் தன் பக்கமாகச் சாய்த்து இழுப்பான். கயிறு குழல்வாயின் ஒரே ஓரத்தில் உரசும். மண்ணும் மணலும் ஏறிய கயிறு என்றால் அது அரம்போல் அறுக்கும். நாளுக்கு ஓரிரு முறை, ஆண்டுக்கணக்கில். கடைசியில் குழல்வாயில் ஒரு பக்கம் மட்டும் வழித்தெடுத்ததுபோல் ஒரு பள்ளம் விழும். படைக்கலத் தொழிலாளர்கள் இதற்குக் ‘கயிற்றுத் தேய்வு’ என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு அது மலிந்திருந்தது.

புல்த்ரூவை விட்டு இன்று கடைகளில் கிடைக்கும் மலிவான துப்புரவுப் பெட்டிக்கு வந்தாலும் நிலைமை மேம்படவில்லை. மூன்று துண்டுகளாக வரும் அலுமினிய அல்லது பித்தளைக் கம்பியை ஒன்றோடொன்று திருகிப் பொருத்த வேண்டும். அந்த இணைப்புகளை நகத்தால் தடவிப் பார்த்தால் விளிம்பு தட்டுப்படும். இறுக்கமான துணியோடு தள்ளும்போது கம்பி நடுவில் வளைந்து குழல் சுவரில் சாய்கிறது. ஒவ்வொரு தள்ளலிலும் அந்த விளிம்பு திருகுவரி மேட்டைச் சுரண்டுகிறது. மென்மையான உலோகம் என்பதால் ஆபத்தில்லை என்று ஒரு சமாதானம் சொல்லப்படும். அந்த மென்மைதான் தொல்லை. மணல் துகளும் எரிந்த மருந்தின் கரித்துகளும் மென்மையான கம்பியில் பதிந்து அங்கேயே தங்கிவிடும். பிறகு கம்பி உப்புத்தாளாகி விடுகிறது. வழுவழுப்பான ஒரே துண்டு எஃகுக் கம்பி, அல்லது பூச்சிட்ட கம்பி, அல்லது காபன் இழைக் கம்பி, ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு துடைக்கப்பட்டால், குழலுக்குத் தீங்கு செய்வது அரிது. வெண்கலப் பிரஷ்ஷும் தன்னளவில் குழல் எஃகை வெட்டாது. எஃகைவிட அது மென்மையானது. அது கொண்டுபோகும் அழுக்கும், வாய்ப்பக்கம் பாதி வெளிவந்த நிலையில் அதைத் திருப்பி இழுக்கும் பழக்கமும்தான் கெடுதல் செய்கின்றன. துருப்பிடிக்காத எஃகுப் பிரஷ்ஷை மட்டும் ரைபிள் குழலுக்குள் விடவே கூடாது.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கரும்பொடி மருந்துக் காலத்தில் ஒவ்வொரு சூடும் குழலுக்குள் ஈரத்தை உறிஞ்சும் கசட்டைப் படியவிட்டது. கழுவாத துப்பாக்கி ஒரு மழைநாளிலேயே துருப்பிடித்தது. பின்னர் புகையற்ற மருந்து வந்தது. கசடு குறைந்தது, துரு மட்டும் குறையவில்லை. நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசி வைத்த குழல்கூட இரண்டு மூன்று நாளில் மறுபடி துருப்பிடித்தது. வெடிவாயு எஃகின் நுண்துளைகளுக்குள் புகுந்து ஒளிந்துகொள்கிறது, பின்னர் வியர்வைபோல் வெளியே கசிகிறது, ஆகையால் பல நாள் தொடர்ந்து தேய்க்க வேண்டும் என்று விளக்கம் சொன்னார்கள். படை முகாம்களில் அது சட்டமானது. அதிகாரி குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். பளபளத்தால் சிப்பாய் தப்பினான், இல்லாவிட்டால் தண்டனை. குழலின் ஆயுள் அந்தச் சோதனையில் அளக்கப்படவில்லை. பளபளப்பு மட்டுமே அளக்கப்பட்டது. நூறாண்டுகளாகத் தொடரும் தேய்ப்புப் பழக்கத்தின் தாய்வீடு அந்த அணிவகுப்புத் திடல்தான்.

வியர்வைக் கதையை 1922-இல் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப் உடைத்தார். துருவுக்குக் காரணம் மருந்து அல்ல, அதைப் பற்றவைக்கும் பிரைமர் என்று அவர் காட்டினார். அக்காலப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடிக்கும்போது அது ஆக்சிஜனை இழந்து பொட்டாசியம் குளோரைடாகிறது. சமையல் உப்பின் நெருங்கிய உறவான இந்த உப்பு குழல் முழுவதும் மெல்லிய படலமாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 84 விழுக்காட்டை நெருங்கும்போது அது நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். ஒன்ராறியோ ஏரிக்கரையில் கோடை இரவுகளில் அந்த ஈரப்பதம் அபூர்வமல்ல. கரைந்த உப்பு எஃகைத் தின்கிறது. ஹஃபின் ஆய்வில் இன்றைக்கும் மனத்தில் பதிய வேண்டிய பகுதி ஒன்று உண்டு: எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலும் இந்தத் துரு நடந்துகொண்டே இருக்கும். உப்பு எண்ணெயில் கரையாது. பெட்ரோலியக் கரைப்பான்களிலும் கரையாது. பிரஷ் அதை இங்கிருந்து அங்கே நகர்த்தும். துணி ஒரு பகுதியை எடுக்கும். மிஞ்சியது எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். உப்பை எடுக்க வேண்டியது தண்ணீர். 20 பாகை வெப்பத்தில் 100 மில்லிலீற்றர் தண்ணீர் சுமார் 34 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைக்கும். கொதிநீர் அதைவிட அதிகம். ஒரு ரைபிளுக்குள் படிவது இதில் மிகச் சிறு துளி. பிரிட்டிஷ் படை அறைப்பக்கம் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றியது சரியான வேலை. அதோடு சேர்த்துக் கட்டாயமாக்கிய மற்றத் தேய்ப்புகளில் பெரும்பகுதி வீண்.

இது பழங்கதை அல்ல. கனடாவில் எஸ்.கே.எஸ். ரைபிள்களும், மரப்பெட்டிகளில் வரும் பழைய செக்கோஸ்லோவாக்கிய, சீன 7.62 தோட்டாக்களும் பல ஆண்டுகள் மலிவாக விற்பனையாயின. அந்தத் தோட்டாக்களில் பலவற்றின் பிரைமர் இன்றும் குளோரேட் வகைதான். அவற்றைச் சுட்டுவிட்டுக் கரைப்பான் போட்டு மணிக்கணக்கில் தேய்த்து, எண்ணெய் பூசி, பெட்டியில் பூட்டி, வசந்தத்தில் திறந்து பார்த்துத் துருவைக் கண்டு திகைப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னும் கடுமையாகத் தேய்த்திருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். உப்புப் படிந்த தட்டை எண்ணெயால் கழுவிவிட்டு, கை வேகம் போதவில்லை என்று வருந்துவதற்கு இது நிகர். எஸ்.கே.எஸ். குழலின் உட்புறம் பெரும்பாலும் குரோம் பூசியது, ஆகவே பயமில்லை என்பது மற்றொரு தவறான ஆறுதல். குழலுக்கு குரோம் உண்டு. வாயு செல்லும் துளை, பிஸ்டன், வாயுக்குழாய், போல்ட்டின் முகம் ஆகியவற்றை அது காப்பாற்றாது. உப்பு அங்கெல்லாம் போகிறது.

இந்தத் தோட்டாக்களைச் சுடுவோரிடையே, ஜன்னல் துடைக்கும் விண்டெக்ஸ் திரவத்தைக் குழலுக்குள் தெளித்தால் அதிலுள்ள அமோனியா உப்பை முறித்துவிடும் என்பதும் பரவலாக நம்பப்படுகிறது. பொட்டாசியம் குளோரைடு அமிலம் அல்ல. முறிப்பதற்கு அதில் எதுவும் இல்லை. அந்தத் திரவத்தில் வேலை செய்வது தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் அதே வேலையை விலையின்றிச் செய்யும். தண்ணீரைக் கண்டு பயப்படுவது வேண்டாத பயம். சூடாக ஊற்றிய தண்ணீர் குழலைச் சூடாக்கித் தானே பெருமளவு உலர்ந்துவிடும். உலர்ந்த துணி ஓரிரண்டு, பிறகு மெல்லிய எண்ணெய். வேலை முடிந்தது. இன்று கடையில் வாங்கும் புதிய வேட்டைத் தோட்டாக்களில் இந்தக் கவலையே கிடையாது. 1920களின் பிற்பகுதியிலேயே குளோரேட் இல்லாத பிரைமர்கள் சந்தைக்கு வந்துவிட்டன. புதிய தோட்டா மட்டும் சுடுபவர் தம் தாத்தாவின் துருவுக்குப் பயந்து குழலைத் தேய்ப்பதில் எந்தப் பொருளும் இல்லை.

அடுத்து வெள்ளைத் துணி. குழலிலிருந்து வரும் துணி அழுக்கின்றி வந்தால்தான் சுத்தம் என்பது கேட்க நியாயமாகத் தெரியும். நடைமுறையில் அது முடிவில்லாத வேலை. குண்டின் செம்புறை குழலில் மெல்லிய செம்பைப் பூசிவிட்டுப் போகும். அதைக் கரைக்க அமோனியா கலந்த கரைப்பான்கள் உண்டு. செம்பு கரைந்தால் துணி நீலமாகவோ பச்சையாகவோ வரும். துணியைப் பிடித்துத் தள்ளும் முனை பித்தளையாக இருந்தால் அதுவும் செம்புக் கலவையே. பிரஷ் வெண்கலமென்றால் அதுவும் அப்படியே. கரைப்பான் அவற்றையும் கரைக்கிறது. குழலில் செம்பே இல்லாத நிலையிலும் துணி நீலமாக வரும். அதைக் கண்டு மறுபடி பிரஷ், மறுபடி கரைப்பான், மறுபடி நீலம். தன் கருவியையே கரைத்துக்கொண்டு குழலைத் தேய்த்துக்கொண்டிருப்பது தேய்ப்பவருக்குத் தெரிவதில்லை. நைலோன் பிரஷ்ஷும் செம்பில்லாத முனையும் போட்டால் இந்தப் பொய் நிறம் மறைந்துவிடும். அமோனியாக் கரைப்பானை இரவு முழுக்க ஊறவிடுவதும் தவறு. புட்டியில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கை மீறினால் எஃகுக்கே பாதகம். இரு வகைக் கரைப்பான்களை ஒன்றாகக் கலப்பதும் கூடாது.

வெள்ளைத் துணியை அடைந்துவிட்டாலும் பயன் என்ன என்பது தனிக் கேள்வி. முற்றிலும் வழித்துத் துடைத்த குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டு, வழக்கமான இடத்தை விட்டு விலகி விழுவதைப் போட்டிச் சுடுநர்கள் நன்கு அறிவார்கள். உள்ளே எண்ணெய் இருந்தால் விலகல் இன்னும் கூடும். ஓரிரு சூடுகளுக்குப் பிறகே குழல் தன் நிலைக்கு வரும். நவம்பர் குளிரில் ஒரே ஒரு சூட்டுக்காக மணிக்கணக்கில் மரத்தடியில் காத்திருக்கும் வேட்டைக்காரருக்கு அந்த முதல் குண்டுதான் எல்லாம். முந்தைய இரவு கண்ணாடிபோல் துடைத்து எண்ணெய் பூசிய ரைபிளோடு போகிறவர் மானைக் காயப்படுத்தி விடுகிற அபாயத்தையும் கூடவே கொண்டுபோகிறார். இது சிறு குற்றமல்ல. ஈயக் குண்டு போடும் .22 ரைபிள்களில் தேய்ப்பு இன்னும் அநாவசியம். அந்தக் குண்டின் மெழுகுப் பூச்சு குழலில் மெல்லிய படலமாக நின்று உதவுகிறது. அதன் பிரைமரில் குளோரேட் இல்லை. குண்டு மெதுவாகப் போகிறது. செம்பும் பெரும்பாலும் இல்லை. பல .22 குழல்களுக்கு எப்போதாவது ஈரத்துணி ஒன்றும் உலர்துணி ஒன்றும் போதும். பயிற்சி மாணவர்கள் கையில் கிடைக்கும் .22 ரைபிள்கள் இதற்கு நேர்மாறாக, சுட்ட நாளும் சுடாத நாளும் இழுபட்டுத் தேய்கின்றன.

புதிய குழலைப் ‘பழக்கும்’ சடங்கும் இதே குடும்பம். ஒரு குண்டு சுடு, சுத்தம் செய். இன்னொன்று சுடு, சுத்தம் செய் என்று மணிக்கணக்கில் நீளும். தோட்டா அறையைக் குடையும் கருவி, அறைக்கு முன்னுள்ள பகுதியில் குறுக்குக் கீறல்களை விடுவது உண்மை. முதல் சில குண்டுகள் அவற்றை மழுங்கடிப்பதும் உண்மை. அந்த வேலையைக் குண்டு செய்கிறது. நடுநடுவே செய்யும் நாற்பது இழுப்புகள் செய்வதில்லை. குழல் செய்தவர் தரும் குறிப்பைப் பின்பற்றுவதில் தவறில்லை. அதற்குமேல் சடங்கை நீட்டுவது கம்பிக்கு வேலை கொடுப்பது மட்டுமே.

சுடுவதால் குழல் தேய்வதே இல்லை என்பதல்ல வாதம். தோட்டா அறைக்கு முன்னால் உள்ள சில அங்குலங்களை ஒவ்வொரு சூட்டிலும் பெரும் வெப்பமும் அழுத்தமும் தாக்குகின்றன. அங்கே எஃகு நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்து மெல்ல அரிபட்டுப் போகிறது. பிரிட்டிஷாரின் முதல் கோர்டைட் மருந்தில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின் இருந்தது. அது குழல்களை வேகமாக அரித்ததால் பின்னர் 30 விழுக்காடாகக் குறைத்தார்கள். இந்த அரிப்பை எந்தத் துப்புரவும் தடுக்காது. சுடும் வேகத்தைக் குறைத்தல், குழல் கைசுடும் அளவுக்குச் சூடேறாமல் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவைதான் அதை மட்டுப்படுத்தும். சுடுதளத்தில் நிமிடத்துக்கு இருபது சுட்டுவிட்டு, வீட்டில் ஒரு மணி நேரம் தேய்த்துப் பாவத்தைக் கழுவ நினைப்பவர், ஒரே குழலை இரு முனைகளிலும் கெடுக்கிறார்: அறைப்பக்கம் வெப்பத்தால், வாய்ப்பக்கம் கம்பியால்.

அப்படியென்றால் செய்ய வேண்டியது என்ன? முதலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். போல்ட் கழன்று வரும் ரைபிளை அறைப்பக்கத்திலிருந்து மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும். போல்ட் இருந்த இடத்தில் செருகும் வழிகாட்டிக் குழாய் ஒன்று மலிவாகக் கிடைக்கும். அது கம்பியை நடுவில் நிறுத்தும், கரைப்பான் விசைப்பகுதிக்குள் வடியாமலும் காக்கும். வாயைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் கசடு அறையை நோக்கி வராது. கரைப்பானில் நனைத்த துணியை ஒருமுறை தள்ளி, வாய்க்கு வெளியே வந்ததும் உதறிவிட்டு, கம்பியை மட்டும் மெல்லத் திரும்ப எடுக்க வேண்டும். அதே துணியைப் பின்னால் இழுத்தால் அழுக்கு அறைக்குத் திரும்பும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விட வேண்டும். இந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் குழலைச் சுத்தம் செய்கிறது, கரைப்பான் கரைக்கட்டும். தேவையென்று தெரிந்தால் மட்டும் பிரஷ், சில இழுப்புகள், ஒவ்வொன்றும் முழு நீளம். பிரஷ் வெளிவந்ததும் கழற்றிவிட்டுக் கம்பியை எடுப்பது நல்ல பழக்கம். உலர்துணி இரண்டு, மெல்லிய எண்ணெய்த் துணி ஒன்று. மறுபடி சுடப் போகும்முன் உலர்துணி ஒன்றால் குழலையும் அறையையும் துடைத்துவிட வேண்டும். அறையில் எண்ணெய் இருந்தால் தோட்டாவின் உறை சுவரைப் பற்றாது. போல்ட்டின் மேல் விழும் அடி கூடும். போல்ட் பின்பக்கம் பூட்டும் லீ-என்ஃபீல்டில் இது முக்கியம்.

எஸ்.கே.எஸ்., நெம்புகோல் வகை வின்செஸ்டர் போன்றவற்றில் கம்பியை வாய்ப்பக்கமாகத்தான் விட முடியும். அங்கே குழல்வாயில் பொருந்தும் பித்தளை அல்லது பிளாஸ்டிக் வளையம் கட்டாயம்; அது இல்லாமல் கம்பியை விடவே கூடாது. அல்லது அறைப்பக்கமிருந்து நேராக இழுக்கும் கயிறு, ஒவ்வொரு முறையும் துவைத்து உலர்த்தியதாக. துவைக்காமல் பையில் சுருட்டி வைத்த கயிறு மணலைச் சேர்த்துக்கொண்டு பழைய கயிற்றுத் தேய்வையே திரும்பக் கொண்டுவரும்.

குளிர்காலம் தனிக் கவனம் கேட்கிறது. ஜனவரியில் வெளியே உறைந்துபோன ரைபிளைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்ததும், வீட்டுக் காற்றின் ஈரம் குழலின் உள்ளும் புறமும் பனித்துளியாகப் படியும். அந்த நேரத்தில் துடைத்து எண்ணெய் பூசினால் ஈரத்தின்மேல் எண்ணெய் பூசியதாகும். ரைபிளை உறையோடு, பூட்டி, குளிர்ந்த இடத்தில் சில மணி நேரம் வைத்து, மெல்லச் சூடேறிய பிறகே திறக்க வேண்டும். வடதுருவப் பகுதிகளில் காவல் செய்யும் கனடிய ரேஞ்சர்கள் 1947 முதல் எழுபதாண்டுகள் லீ-என்ஃபீல்டைத்தான் தூக்கித் திரிந்தார்கள். 2018 முதல்தான் கிச்சினரில் கோல்ட் கனடா செய்த சி-19 ரைபிள் அவர்களுக்குக் கிடைத்தது. ரொறன்ரோவின் குளிர் அவர்களுடைய குளிரில் கால்வாசிகூட இல்லை. வடதுருவக் குளிரில் தடித்த எண்ணெய் உறைந்து சுடுமுள்ளை மந்தமாக்கும் என்பதால் எண்ணெயைக் குறைப்பதுதான் பராமரிப்பு. அதிகம் என்பது பராமரிப்பு ஆகாது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இடவசதி பற்றியும் ஒரு சொல். அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேசையில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. பிரைமர் எச்சத்தில் ஈயம் உண்டு. துணியில், விரலில், மேசையில் ஒட்டும். காற்றோட்டமான இடம், கையுறை, முடிந்ததும் சோப்பு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் சலுகை கிடையாது. கரைப்பானும் அதில் நனைந்த துணிகளும் சாதாரணக் குப்பையில் சேராது; ரொறன்ரோ மாநகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு நிலையங்களில் கொடுக்க வேண்டும்.

பழைய ரைபிள் வாங்கப் போகிறவர்கள் குழலின் பளபளப்பைப் பார்த்து ஏமாறுவதும் இந்த நம்பிக்கையின் விளைவுதான். விளக்கு வெளிச்சத்தில் மின்னும் குழல் வாயில் தேய்ந்திருக்கலாம். மங்கிய, சிறு புள்ளிகள் விழுந்த குழல் அருமையாகச் சுடலாம். முதலில் பார்க்க வேண்டியது வாயை. பஞ்சு சுற்றிய குச்சியைக் குழல்வாயின் உள்விளிம்பில் மெல்லச் சுழற்றினால் பிசிறு இருக்கும் இடத்தில் இழை சிக்கும். உறையில்லாத தனிக் குண்டு ஒன்றைக் கூர்முனை உள்ளே போகும்படி வைத்துப் பார்த்தால், நல்ல வாயில் அது சீக்கிரமே நின்றுவிடும். தேய்ந்த வாயில் ஆழமாக இறங்கும், ஒருபக்கம் ஆடும். திருகுவரியின் மேடுகள் விளிம்புவரை கூராக வருகின்றனவா, கடைசி ஓரங்குலத்தில் மழுங்குகின்றனவா என்பதைக் கண்ணே சொல்லும்.

கெட்ட வாயைத் திருத்த வழி உண்டு. லேத் இயந்திரத்தில் வைத்து முனையைச் சிறிது வெட்டி, புதிய விளிம்பு அமைக்கலாம். சோவியத் படைக்கலத் தொழிற்சாலைகள் மோசின்-நகான் ரைபிள்கள் பலவற்றின் தேய்ந்த வாயைச் சற்று உள்வரை அகலமாகக் குடைந்து, தேயாத வரிகளிலிருந்து குண்டு புறப்படும்படி செய்தன. லோங் பிராஞ்ச் ரைபிளில் இந்த வேலையைச் செய்தால் சேகரிப்பு மதிப்பு போய்விடும். உப்புத் துரு தின்ற குழிகளுக்கும் அறைமுனை அரிப்புக்கும் மருந்தே இல்லை. குழலை மாற்ற வேண்டியதுதான். ஆகவே ரைபிள் வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: கம்பியைத் தொடுமுன் அன்று சுட்ட தோட்டாவின் பிரைமர் எந்த வகை என்று பாருங்கள். குளோரேட் என்றால் அன்றைக்கே தண்ணீர் ஊற்றுங்கள். இல்லையென்றால் ஒரு துணி தள்ளிவிட்டு, குழலை விட்டுவிடுங்கள்.